வயற் பறவைகளின் பற்று வரவு

(கரிக்கலாம்பாக்கம் கிராமத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்திருப்போர் யாவரும் பேரேட்டை அறிவர். அதில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் பற்றும் எழுதப்படும், வரவும் எழுதப்படும். பற்றை மாத்திரம் எழுதி வரவை விட்டுவிட்டால், தவணை தவறாமல் செலுத்திவரும் நாணயஸ்தரும் பெருங் கடன்காரராகவே காணப்படுவார். அவ்விதக் கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆயினும், வயலில் இறங்கும் பறவைகளின் விஷயத்தில் கிராமங்களில் வழங்கிவரும் கணக்கு பெரும்பாலும் இத்தகையதே. கதிர் முற்றுங் காலத்தில் கிளி கொத்துவதும், சில்லைக் குருவிகள் கூட்டமாய் வந்து பால் பிடித்த மணியை நசுக்குவதும் பட்டப்பகலில் நடப்பவை. ஆதலால் பற்று உடனே எழுதப்படுகிறது. மற்ற மாதங்களில் பறவைகள் புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்குவதையோ, நடுநிசியில் கூகை எலியைப் பிடிப்பதையோ எவரும் காண்பதில்லை. ஆதலால் வரவு எழுதப்படுவதில்லை. விட்டுப்போன இவ்வரவுகளைச் சேர்த்துக் கணக்கை நேர்செய்வதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

ஏரியும் எல்லையும்

கரிக்கலாம்பாக்கத்துக்குத் தெற்கே பாகூர் ஏரி இருக்கிறது. வடக்கே சங்கராபரணி ஆற்றுக்கு அப்பால் ஊசுட்டேரி இருக்கிறது. பெண்ணையாற்றுத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை வந்தடைகிறது. தண்ணீர் உள்ள இடத்தில் நெல் உண்டு. நெல் உள்ள இடத்தில் எலியும் பூச்சியும் உண்டு. அவை உள்ள இடத்தை நாடிப் பறவைகள் வருகின்றன. ஐப்பசி மழைக்குப் பின் உள்ளூர்க் கொக்கும் நாரையும் போதாவென்று, வடதேசங்களில் பனி மூடிய நீர்நிலைகளை விட்டு வாத்தினங்களும் உள்ளான்களும் வந்து சேர்ந்து, வெயில் கடுமையாகுமுன் திரும்பிச் செல்லுகின்றன.

1954-ஆம் வருஷம் வரையில் இப்பிரதேசத்தில் ஒரு வயல் பிரெஞ்சு எல்லைக்குள்ளும் அடுத்த வயல் அதற்கு வெளியிலும் இருந்தன; இடையே சுங்கச் சாவடிகள் இருந்தன. இக்காலத்தும் ஊசுட்டேரியின் ஒரு பாகம் புதுச்சேரியையும் மற்றொரு பாகம் தமிழ்நாட்டையும் சேர்ந்தது. புதுச்சேரி சர்க்கார் தம் பாகத்தை 2008-ஆம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். பறவைகளோ எந்தக் காலத்திலும் எந்த எல்லையையும் அறிந்தவையல்ல. ஏரிக்கரையில் ஒருவருடைய மரத்தில் உறங்கி, மற்றொருவருடைய வயலில் இரை தேடி, மூன்றாமவருடைய களத்தில் வந்து அமர்கின்றன. ஆகவே பறவையினால் வரும் லாபமும் நஷ்டமும் ஒருவருக்கே உரியனவாக இருப்பதில்லை. இதனாலேயே இவ்விஷயம் தனி மனிதரால் தீர்க்கத்தக்கதன்று. சங்கம் கூடி யோசிக்கத்தக்கது.

பறவை ஏன் ஓயாமல் தின்கிறது?

பறவையின் சரீரம் மனித சரீரத்தைக் காட்டிலும் அதிக உஷ்ணமுடையது. அந்த உஷ்ணத்தைக் காக்கவும், சிறகடித்துப் பறக்கவும் அதற்கு மிகுந்த பலம் வேண்டும். பெரிய அடுப்புக்கு விறகு அதிகம் செலவாவதுபோல, பறவைக்கு இரை அதிகம் செலவாகிறது. குஞ்சு பொரித்த காலத்தில் இச்செலவு பன்மடங்காகும். கண் திறவாத குஞ்சு இரண்டு மூன்று வாரத்துக்குள் சிறகு முளைத்துப் பறக்க வேண்டியிருப்பதால், தாயும் தந்தையும் விடிந்தது முதல் அடையும் வரையில் இரை கொண்டுவந்து ஊட்டிய வண்ணமாயிருக்கும்.

இங்கே குடியானவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நெல்லைத் தின்பதாகக் குற்றஞ்சாட்டப்படும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் தங்கள் குஞ்சுகளுக்குத் தானியத்தை மாத்திரம் ஊட்டி வளர்ப்பதில்லை. இளங்குஞ்சின் உடம்பு வளர்வதற்கு வேண்டிய சத்து பூச்சியிலும் புழுவிலுமே இருப்பதால், அவற்றையே தேடிக் கொண்டுவருகின்றன. அறுவடையில் சில மணிகளைக் கூலியாகப் பெறும் குருவி, பயிர் வளரும் பருவத்தில் புழு பொறுக்கும் ஆளாக வேலை செய்திருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் முதற் கதிரைக் கொத்தாய்க் கட்டி இறவாணத்தில் தொங்கவிட்ட பெரியோர்கள் அந்தக் கூலியை மனமுவந்து கொடுத்தவர்கள் என்றே கொள்ளலாம்.

பற்றை மாத்திரம் பார்த்துக் கணக்கை முடித்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சீன தேசம் கண்டது. 1958-ஆம் வருஷத்தில் அத்தேசத்துச் சர்க்கார் எலி, ஈ, கொசு இவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து, நான்கு பகைகளென்று சாற்றினர். ஜனங்கள் திரண்டு, தகரத்தையும் பறையையும் கொட்டி, குருவிகள் எங்கும் உட்காராதபடி விரட்டினர். அவை களைத்து விழுந்து மடிந்தன. பின்னர்ப் பயிரைத் தின்னும் பூச்சிகள் தடையின்றிப் பெருகின. 1960-ஆம் வருஷத்தில் குருவியின் பெயரை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியின் பெயரை அந்த ஜாபிதாவில் சேர்த்தார்கள். அக்காலத்தில் நேர்ந்த பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் குருவிகளை ஒழித்ததும் ஒன்றென்று பின்னர் ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

உழவோடு கூடவரும் உதவியாளர்

ஏர் ஓடும்போது பின்னாலேயே நடந்துவரும் உண்ணிக்கொக்கை அறியாதார் இல்லை. மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியையும், மண் புரளும்போது வெளிப்படும் புழுவையும் அது எடுத்துக்கொள்ளுகிறது. ஏருக்குப் பதிலாக டிராக்டர் வந்த பின்னும் அது தன் வேலையை விடவில்லை. மைனா, தரையைக் குத்திக் கூட்டுப்புழுவை எடுக்கிறது. இரட்டைவாலன் என்று சொல்லப்படும் கரிச்சான் ஒரு கொம்பின்மேல் உட்கார்ந்திருந்து, பறக்கும் அந்துப்பூச்சியை ஆகாயத்திலேயே பிடித்து, திரும்பவும் அதே கொம்பில் வந்து அமரும். ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டால் அது இடவிருந்த முட்டைகள் அத்தனையும் அகப்பட்டன என்றே கணக்கிட வேண்டும். நத்தைக்குத்தி நாரை, பெயருக்கேற்ப, தாழ்ந்த வயல்களிலும் ஏரியிலும் உள்ள நத்தைகளை எடுத்து, இடைவெளியுள்ள தன் அலகினால் உள்ளிருக்கும் சதையை வெளியே இழுத்துத் தின்கிறது.

எலியும் கூகையும்

இவை எல்லாவற்றிலும் பெரிய வரவு, ஜனங்கள் மிகவும் வெறுக்கும் பறவையின் பெயரிலேயே இருக்கிறது. அதுதான் கூகை. வெண்மையான முகமும் கரகரத்த குரலும் உடைய இதனைச் சாக்குருவி என்றும், வீட்டின்மேல் கத்தினால் மரணம் நேரும் என்றும் சொல்லி, கல்லெறிந்து கொல்லுவோர் உண்டு. கூகை வருவது மரணத்தை அறிவிப்பதற்கன்று; எலி இருக்கும் இடத்தை அறிந்தே அது வருகிறது.

எலியின் பெருக்கம் வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றது. பெட்டையெலி சூல்கொண்டு ஒரு மாதம் ஆகுமுன்னரே பல குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் சில மாதங்களுக்குள் தாமும் ஈனும். வரப்பெலி கதிரைத் தின்பதோடு நில்லாமல், கதிரை வெட்டி வளைக்குள் சேமித்தும் வைக்கிறது. வரப்பையும் துளைத்துத் தண்ணீரை வீணாக்குகிறது. சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி நட்டவருடைய வயலில் எலி வெட்டிய நெல், உண்மையில் சங்கத்துக்கு வரவேண்டிய தவணையே ஆகும்.

இக்கடனை இரவுதோறும் வசூலிக்கும் சேவகன் கூகை. அதன் வட்டமுகம் ஒலியைத் திரட்டிக் காதுக்குள் செலுத்தும் தட்டுப்போல அமைந்தது. காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இராமல் ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் இருப்பதால், ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நுட்பமாய் அறிகிறது. முழு இருளிலும் எலியின் காலடி ஓசையைக் கொண்டே பிடிக்கவல்லது. இறகின் ஓரங்கள் மெல்லிய குஞ்சம்போல் இருப்பதால் பறக்கும் சத்தம் எலிக்குக் கேளாது. குஞ்சுகள் உள்ள காலத்தில் ஒரு ஜோடிக்கு ஓரிரவில் பல எலிகள் வேண்டியிருக்கும்.

இதை நம்பாதவர் தாமே பரீக்ஷித்துப் பார்க்கலாம். கூகை எலியை முழுதாய் விழுங்கி, ஜீரணமாகாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். அது அடையும் பாழ் மண்டபத்தின் அடியிலும் மரப்பொந்தின் அடியிலும் இவ்வுருண்டைகள் குவிந்து கிடக்கும். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடுகள் அகப்படும், அவற்றை எண்ணிக்கொள்ளலாம். வேறெந்த ஊழியரும் செய்த வேலைக்கு இவ்வளவு சரியான ரசீது கொடுப்பதில்லை.

இஸ்ரேல் தேசத்தில் ஸ்டே எலியாஹு என்னும் கூட்டுப்பண்ணையில் 1983-ஆம் வருஷம் முதல் கூகைகளுக்கு மரப்பெட்டிகள் வைத்துக் கூடுகட்ட இடங்கொடுத்து, வயலெலிகளை அடக்க முயன்றார்கள். அவ்வேலை நாடெங்கும் பரவி, பின்னர் எல்லைக்கு அப்பாலுள்ள ஜோர்டான் தேசத்து விவசாயிகளும் அதில் சேர்ந்தனர். யுத்தம் செய்துகொண்ட தேசங்களும் கூகையின் விஷயத்தில் ஒத்துழைக்கக் கூடுமானால், பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் ஒத்துழைப்பது அரிதன்று. மலேயா நாட்டு எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இம்முறை வெகுகாலமாய் வழங்கிவருகிறது.

எரு தரும் கூட்டம்

நீர்ப்பறவைகளின் வரவு வேறு வகையானது. பறவைக்குச் சிறுநீர் தனியே பிரிவதில்லை. உடம்பின் கழிவு, எச்சத்தின் வெண்பாகமாக வெளிப்படுகிறது. அதில் தழைச்சத்து மிகுதி, மணிச்சத்தும் உண்டு. ஆயிரக்கணக்கான பறவைகள் ஓர் ஏரியில் அடையும்போது, எரு கரைந்த தண்ணீரே மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது.

இதை உணர்ந்து நடந்தவர்கள் எந்தப் பாஷையிலும் விஞ்ஞானம் படித்தவர்களல்லர். செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் கிராமத்துக் குடியானவர்களே. கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன் முதலியவை தங்கள் ஏரியிலுள்ள மரங்களில் கூடுகட்டுவதால் வயல் செழிக்கிறது என்று கண்டு, அவற்றைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்துவந்தனர். கும்பினி சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, அக்குடியானவர்கள் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். 1798-ஆம் வருஷத்தில் கலெக்டர் லயோனல் பிளேஸ் என்பவர் அவர்கள் உரிமையை ஒப்புக்கொண்டு உத்தரவு அளித்தார். 1858-ஆம் வருஷத்தில் அவ்வுரிமை மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. சரணாலயச் சட்டங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே, ஒரு கிராமம் ஒன்றுசேர்ந்து தன் வயலுக்கு வேண்டிய பறவைகளைக் காத்துக்கொண்டது. பிற்காலத்தில், 1904-ஆம் வருஷத்தில், சென்னை ராஜதானியின் முதல் கூட்டுறவு நாணய சங்கம் தோன்றிய திரூர் கிராமமும் அதே பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாகும். திரூரில் பணத்தைக் கூட்டாய்க் காத்தார்கள்; வேடந்தாங்கலில் பறவைகளைக் கூட்டாய்க் காத்தார்கள். முறை ஒன்றே.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தார்கள் கண்மாயிலுள்ள பறவைகள் கலைந்துபோகாதிருக்கும் பொருட்டுத் தீபாவளியன்று பட்டாசு வெடிப்பதை விட்டிருக்கிறார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஊர்க் கட்டுப்பாடே போதுமானதாயிற்று.

இழந்தபின் அறிந்த வரவு

வரவு எழுதப்படாத பறவைகளில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு ஒன்று. கிராமத்தில் மாடு இறந்தால் சில நாழிகைக்குள் அதைத் தின்று எலும்பு மாத்திரம் விட்டுச் செல்லும் இப்பறவைகள் முன்னாளில் இந்தியா முழுதும் ஏராளமாய் இருந்தன. 1990-ஆம் வருஷத்துக்குப் பின் அவை அதிவேகமாய்க் குறைந்தன. சில இனங்களில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்று 2004-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. அம்மருந்து பெற்ற மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டு மடிந்தது. 2006-ஆம் வருஷத்தில் மாட்டு வைத்தியத்தில் அம்மருந்து தடைசெய்யப்பட்டது. ஆயினும் போன பறவைகள் திரும்பி வந்துவிடவில்லை. பாறு வருஷத்துக்கு ஒரே முட்டை இடுவது. தமிழ்நாட்டில் நீலகிரிச் சாரலில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. மாட்டுக்கு நன்மையென்று கொடுத்த மருந்து பறவைக்கு நஞ்சாகுமென்று கொடுத்தவர் எவரும் நினைத்திருக்கவில்லை.

எலிக்கு வைக்கும் விஷமும் இவ்வண்ணமே. இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும் வகை விஷங்களைத் தின்ற எலி உடனே இறப்பதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். தளர்ந்த எலியே கூகைக்கு எளிதில் அகப்படும். ஒரு குடியானவர் தம் வரப்பில் வைத்த விஷம், அடுத்த இருபது வயலுக்குக் காவலாயிருந்த கூகையைக் கொன்றுவிடக்கூடும். எலியோ சீக்கிரம் மீண்டும் பெருகிவிடும்.

பற்றுப் பக்கம்

நேர்மையான கணக்கில் பற்றையும் குறைத்து எழுதலாகாது. கிளியும் சில்லையும் கதிரைத் தின்பது உண்மை. தாழைக்கோழி இளம் பயிரை மிதித்தும் கடித்தும் கெடுப்பது உண்மை. 1963-ஆம் வருஷத்தில் தேசியப் பறவையாக ஏற்கப்பட்ட மயில், இக்காலத்தில் பல ஜில்லாக்களில் பெருகி, விதைத்த மணிலாக்கொட்டையையும் நெல்லையும் கிளறித் தின்பதும் உண்மை. கடன் வாங்கிப் பயிரிட்டவருக்கு இந்நஷ்டம் அற்பமன்று; அவரைப் பார்த்துப் பறவையை நேசிக்கும்படி உபதேசம் மாத்திரம் செய்வது முறையாகாது. ஆயினும் கொல்லுவதும் விஷம் வைப்பதும் 1972-ஆம் வருஷத்து வனஜீவிகள் சட்டப்படி குற்றமாகும். அவ்வாறு செய்வதால் பலனுமில்லை. விஷத்துக்குக் கிளி எது, மைனா எது என்று தெரியாது.

பறவையால் நேரும் நஷ்டம் மிகக் கடுமையாவது எங்கே என்று கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். சுற்றிலும் பயிர் பச்சையாயிருக்க ஒருவருடைய வயல் மாத்திரம் முந்தி முற்றினால், வட்டாரத்துக் குருவிகள் யாவும் அவ்வயலிலேயே இறங்கும். ஒரு வெளியிலுள்ள நிலம் முழுதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முற்றினால், அதே குருவிகள் பரந்து தின்பதால் எவருக்கும் பெருநஷ்டம் நேராது. அவ்வாறே, ஒருவர் தனியே குருவி விரட்டினால் அது பக்கத்து வயலுக்குப் போகும்; யாவரும் முறைவைத்துக் காவல் காத்தால் குருவி வெளியை விட்டே அகலும்.

சங்கம் செய்யத்தக்கவை

இக்கணக்கிலிருந்து விளங்கும் காரியங்கள் ஐந்து. ஒவ்வொன்றும் அற்பச் செலவில் ஆகக்கூடியது.

முதலாவது, ஒரே மதகில் பாயும் நிலங்களுக்கு ஒரே வயதுள்ள நெல்லை ஒரே வாரத்தில் நடும்படி அங்கத்தினர்கள் கூடித் தீர்மானித்தல். சங்கம் விதைநெல் வழங்கும்போதே இதைச் செய்வது எளிது.

இரண்டாவது, நடவுக்குப் பின் ஏக்கருக்குப் பதினைந்து முதல் இருபது வரையில், குறுக்குக் கழி கட்டிய கொம்புகளையோ தென்னை மட்டைகளையோ வயலில் நட்டுவைத்தல். பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் கூகையும் அவற்றின்மேல் அமர்ந்து வேட்டையாடும். கதிரில் பால் பிடிக்கும் பருவத்தில் இவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிடில் தானியம் தின்னும் பறவைகளுக்கு அவையே ஆசனமாகிவிடும்.

மூன்றாவது, மொட்டைப் பனையையும் பொந்துள்ள பழைய மரத்தையும் வெட்டாது விடுதல். பனங்காடையும் ஆந்தையும் கூடுவைப்பது அவற்றிலேயே. செங்கற் சூளைக்கு விற்ற பனையின் விலை ஒருநாள் வருமானம். நிற்கும் பனையின் பொந்தில் இருப்பதோ வருஷ முழுதும் உழைக்கும் காவல்.

நான்காவது, கூகை அடையும் இடங்களுக்கு அருகே எலி விஷம் வைப்பதைத் தவிர்த்து, கிட்டி வைத்துப் பிடித்தலையும் வளை வெட்டுதலையும் ஊரார் சேர்ந்து ஒரே நாளில் செய்தல். ஒருவர் மாத்திரம் பிடித்தால் அடுத்த வயலெலி காலி வளைக்குக் குடிவந்துவிடும்.

ஐந்தாவது, ஏரியில் கண்ணி வைத்தும் வலை கட்டியும் கொக்கையும் வாத்தையும் பிடித்து விற்போரிடம் வாங்காதிருத்தல்; பிடிப்போரைக் கண்டால் வன இலாகாவுக்கு அறிவித்தல். வாங்குவோர் இல்லாத சரக்கைப் பிடிப்போர் இரார்.

இவற்றை ஒரு போகம் முழுதும் ஒரு வெளியில் செய்து பார்த்து, எலி வெட்டிய பயிரையும், மருந்துக்கு ஆன செலவையும், கண்ட விளைவையும் முந்திய வருஷத்தோடு ஒப்பிட்டுச் சங்கத்துப் புஸ்தகத்தில் எழுதிவைக்கலாம். பிறர் சொல்வதைக் காட்டிலும் தங்கள் புஸ்தகமே குடியானவர்களுக்குச் சிறந்த சாட்சியாகும்.

கூகையும் கொக்கும் கரிச்சானும் பங்குப்பணம் செலுத்தவில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை, கடன் கேட்பதுமில்லை. ஆயினும் இவ்வூர் வயல்களின் லாபத்தில் அவற்றின் உழைப்பும் கலந்திருக்கிறது. அடுத்த முறை நடுநிசியில் கூகையின் குரல் கேட்கும்போது கல்லைத் தேடுவதற்குப் பதிலாக, அன்றிரவு எத்தனை எலி குறைந்தது என்று ஒருவர் எண்ணிப் பார்ப்பாரானால், விட்டுப்போன வரவில் முதல் வரி எழுதப்பட்டதாகும்.